விளக்கு எரியாத கோளாறு

“டாஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கே எரியல. அப்புறம் என்னங்க கோளாறு?”

மனைவி மியங்சுக் கேட்டதற்கு, காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்த தோகில் செல்போனை மட்டும் வெளியே நீட்டினான்.

“படிச்சுப் பாரு. ‘ஆக்சிஜன் சென்சார் பழுது.’ புகைக்குழாயில இருக்குமே, அது. வியாதி எல்லாம் மூஞ்சியிலயா தெரியும்?”

அவன் வாங்கிய கருவி கட்டைவிரல் அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டால் காரின் நோயைக் கம்பியில்லாமல், பக்கத்தில் இருக்கும் செல்போனுக்குச் சொல்லும். தேகு நகரில் அவர்கள் அடுக்குமாடியின் நிலவறையில் காரை நிறுத்தியதும் அதைப் பார்க்காமல் அவன் மேலே வருவதில்லை. ‘அழி’ என்று அழுத்தினால் பழுது போய்விடும். மறுநாள் மாலை சட்டமாக வந்து உட்கார்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். மலைப்பாதையில் போக வேண்டும். போன குளிர்காலத்தில் அதே பாதையில் கார் நின்றுபோய், மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கித் தள்ளினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

புதுச் சென்சார் வாங்கித் தானே மாட்டினான். மரை தேய்ந்தது. கார் எருமைபோல் உறுமியது. பட்டறைக்காரர் மரையைச் சரிசெய்து, தன் மெஷினை மாட்டிப் பார்த்தார்.

“சார், உங்க காரு சொக்கத் தங்கம். கண்ணு படாம ஓட்டுங்க.”

மாலையில் செல்போனில் பார்த்தால் அதே பழுது.

“அவர் மெஷின் பழசு. நம்ம கார்ல விளக்கும் செத்துப்போச்சு,” என்று டாஷ்போர்டைக் கழற்றினான். திரும்ப மாட்டியபோது கைநிறையத் திருகாணி மிஞ்சியது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. வேகம் காட்டும் முள் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை.

சனிக்கிழமை மாலை மியங்சுக் பையோடு வந்து நின்றாள். “நான் பஸ்ல போறேன். நீங்க காரைக் கட்டிக்கிட்டுத் தூங்குங்க.”

தோகில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “உங்கப்பா இன்னொரு தடவை இறங்கித் தள்ளுறதை என்னால பாக்க முடியாது.”

அவள் பையைக் கீழே வைத்தாள்.

“அட மக்கு மனுஷா! ‘மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து தள்ளினோம்’னு அவரு ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டிருக்காரு. டார்ச்சைக் குடுங்க, நான் பிடிக்கிறேன்.”

இருவரும் குனிந்தார்கள். பக்கத்துக் காரில் மேல்மாடிக்காரர் பாங், தினமும் போல என்ஜினை அணைக்காமல் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நுழையும் முன் அவருக்கு வாய்த்த நிம்மதி அவ்வளவுதான். டார்ச் வெளிச்சத்தில் கருவியைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினார்.

“அட, என் கார்லயும் என் பையன் இதேதான் செருகி வச்சிருக்கான் தம்பி! ஆனா என் காரு ஒரு அதிசயம் பாருங்க: ஆக்சிஜன் சென்சார் போச்சுன்னு காலையில விளக்கு எரியுது, சாயங்காலம் உங்க பக்கத்துல வந்து நின்னதும் தானா அணைஞ்சிடுது!”