மூன்று வருட மொழி

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கியிருக்கவே கூடாது. ஸ்டேஷன் ஃபேனை மாட்டினோமா, போனோமா என்று கிளம்பியிருக்கலாம்.

"யோவ், இவன் நாட்டுல மூணு வருஷம் வேலை பாத்தவன்தானே நீ? இவன் என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெஞ்சில் ஒரு வெளிநாட்டு இளைஞன் உட்கார்ந்திருந்தான். வயரிங் வேலை நடக்கிற வீடுகளில் நுழைந்து, ஆட்களின் டூல்ஸ் பையைக் குடைகிறான் என்று புகார்.

"ஒழுங்கா பதில் சொன்னா விட்டுடுவேன். இல்லேன்னா மேலிடத்துக்கு அனுப்பணும். அவங்க நேரா பிளேன் ஏத்திடுவாங்க."

அந்த மொழியில் எலக்ட்ரீஷியனுக்குச் சோறு, தண்ணீர் இரண்டும்தான் தெரியும். அங்கே நாற்பது பேர் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தார்கள். கருவிகள் மாறிப்போகாமலிருக்க, கைப்பிடியில் மஞ்சள் டேப் சுற்றி நடுவில் ஒரு கறுப்பு வரி போட்டுவைப்பார். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. பேச்சையெல்லாம் அந்த ஊர்க் கொத்தனார் ஒருவர் பார்த்துக்கொண்டார். சைகையிலேயே மூன்று வருடம் ஓடிற்று. காய்ச்சலில் கிடந்தபோது சோறு ஊட்டியதும் அவர்தான். கடுதாசி போடுவதாகச் சைகையிலேயே சத்தியம் செய்துவிட்டு வந்த இவர், போடவில்லை. எந்த மொழியில் போடுவது? இருபது வருடம் போய்விட்டது.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால், அந்த மொழியில் கனவே காண்பேன் என்று தெரு முழுக்க அளந்திருந்தார். அதே தெருக்காரப் பெண் ஏட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்கென்ன சார், கேட்டுட்டாப் போச்சு" என்று வாய் முந்திக்கொண்டது.

இளைஞன் கண் கலங்க மளமளவென்று ஏதோ சொன்னான்.

"நம்ம ஊரு ரொம்பப் பிடிச்சிருக்காம் சார்."

"அதுக்கு எதுக்குய்யா பையைக் குடையுறான்?"

எலக்ட்ரீஷியன் அவனிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களையும் மிடுக்காகச் சொன்னார். அவன் திருதிருவென்று விழித்தான்.

"பசியாம் சார்."

"டூல்ஸ் பையிலயா சோறு இருக்கும்?"

"வித்துச் சாப்பிடலாம்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ திருட்டுத்தான்!"

"ஐயையோ, அவனா செய்யலை சார். அவங்கப்பா அனுப்பி வச்சாராம்."

"ஓஹோ, குடும்பமே கூட்டா?"

அப்போதுதான் இளைஞன் எலக்ட்ரீஷியனின் இடுப்பில் செருகியிருந்த கட்டிங் பிளேயரைப் பார்த்தான். சட்டென்று பாய்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். இரண்டு காவலர்கள் அவனை இழுத்து விலக்கினார்கள்.

"என்னய்யா சொல்றான்? கொன்னுடுவானாமா?"

"கொல்ல மாட்டானாம் சார்" என்றார் எலக்ட்ரீஷியன். "இப்போதைக்கு."

இன்ஸ்பெக்டர் ஜீப்பை வரச் சொன்னார்.

அவனை ஏற்றும்போது இவரைப் பார்த்துக் கையை நீட்டினான். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எலக்ட்ரீஷியனை என்னவோ செய்தது. 'தெரியாது சார்' என்று சொல்லியிருந்தால் தெரு ஒரு வாரம் சிரித்திருக்கும், அவ்வளவுதான். பாவி, ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறப்பதற்குள் ஜீப் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

பெண் ஏட்டு அவனுடைய பையை மேஜைமேல் கவிழ்த்துப் பட்டியல் எழுத ஆரம்பித்தாள். சட்டை இரண்டு. சீப்பு ஒன்று. பிறகு பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, மஞ்சள் டேப்பு, நடுவுல கறுப்பு வரின்னு அச்சு அசல் உங்களுது மாதிரியே ஒரு பழைய பிளேயர், அதைச் சுத்தி ஒரு கடுதாசி... உங்களுக்குத்தான் அவங்க பாஷை அத்துப்படியாச்சே, யாருக்கு எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்!"