சம்பந்தி வால்வும் நம் வால்வும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14-6-1987

பட்டாளத்தில் பணியாற்றும் அன்பு மைத்துனன் சிரஞ்சீவி பால்ச்சாமிக்கு அத்தான் ஐயாதுரை ஆசீர்வதித்து எழுதுவது. உன் அக்காள் என்னோடு பேசுவதில்லை என்பது ஒன்று தவிர, இங்கே எல்லாரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் ஜபல்பூர் வெயிலில் வாடாமல் இருக்க மடவார்வளாகம் வைத்தியநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

தாய்மாமன் என்ற முறையில் உனக்கு முதலில் தெரிய வேண்டியது, உன் மருமகள் செல்லக்கனிக்கு ராஜபாளையத்திலிருந்து வந்த சம்பந்தம் கலைந்துவிட்டது. பையன் சோலைராஜ் தங்கமானவன், அப்பா சௌந்தரபாண்டியனோடு மைக் செட் கடை பார்க்கிறான், செல்லக்கனிக்குப் பிடித்துவிட்டது, பத்து வரனைத் தட்டிக்கழித்தவள் இதற்குத் தலையாட்டினாள், ஜாதகமும் பொருந்தியது. பொருந்தாமல் போனது வால்வுதான். பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் எடுத்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாயே, பல்பு போலச் சூடேறி மினுங்குமே, அந்த இங்கிலீஷ் வால்வைச் சொல்கிறேன். அதை என் பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, நான் தினமும் வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மேலிருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோனது உனக்குத் தெரியும். அந்தச் சௌந்தரபாண்டியனிடமும் ஒரு வால்வு இருக்கிறது, ஹாலந்து வால்வாம், அவரும் துடைக்கிற ஜாதி, அதிலும் எழுத்து இல்லை. பெண் பார்க்க வந்தவர் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார், என் ஆம்ப்ளிஃபயரைச் செத்த நேரம் நின்று பார்த்தார். நிச்சயம் பேச அடுத்த வாரம் வந்தபோது, வெற்றிலை பாக்கோடு கைக்குட்டையில் சுற்றித் தன் வால்வையும் கொண்டுவந்துவிட்டார்.

எது இனிமை என்று பார்த்துவிடலாம் என்றார். கண்ணால் பார்த்தால் ஓரவஞ்சனை வரும், அதனால் பெரியவர்கள் இருவரும் சுவரைப் பார்த்து உட்காருவோம், சோலைராஜ் மாற்றி மாற்றி மாட்டட்டும் என்றார். உன் அக்காள் காப்பி கொடுக்கிற சாக்கில் குனிந்து என் காதில், "அவிய வால்வு ஊளையிட்டாலும் தேன்னு சொல்லிருங்க, நம்ம பிள்ளை வாழப் போற வீடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நம் வால்வை நானே விட்டுக்கொடுப்பதா? ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் என்ன செய்வான், சரி என்று நினைத்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரில் ஏற்கெனவே இருப்பது நம் வால்வு, அதைத்தானே முதலில் போடுவான், இரண்டாவதாகத்தானே அவருடையது வரும் என்று கணக்குப் போட்டேன். நாகஸ்வர கேசட் ஓடியது. முதல் வால்வைக் கேட்டுவிட்டு, தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டினது போல இருக்கிறது என்றேன். அதைக் கழற்றி, இன்னொன்றைச் செருகி, அது சூடேறிப் பாடத் தொடங்கியதும் கண்ணை மூடி, ஆகா இதுவல்லவா நாதம், இதைக் கேட்ட காதால் இன்னொன்றைக் கேட்கலாமா என்றேன். நடிப்பு கொஞ்சம் கூடிப்போய்க் கண்ணீரே வந்துவிட்டது.

சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டு, தன் அப்பாவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அவர் வால்வைத்தான் முதலில் மாட்டியதாகச் சொன்னான்.

சௌந்தரபாண்டியன் விருட்டென்று எழுந்து, மேசையில் கிடந்த வால்வை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். "காது பெரிய காதுதான் அண்ணாச்சி. பாக்காமலே உங்க வால்வைக் கண்டுபிடிச்சிட்டீக. ஆனா எங்க வால்வைத் தகர டப்பான்னு சொன்ன வீட்டுல எம் மகன் எப்படிக் கை நனைப்பான்?" என்றார். வாங்கி வைத்த பால்கோவாவை ஒருவர்கூடத் தொடவில்லை. செல்லக்கனி அன்றைக்கு அடுப்படிக்குள் போனவள்தான், எனக்குச் சோறு வைக்கிறாள், முகம் கொடுப்பதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை பால்ச்சாமி. இதில் வேடிக்கை, என் காதின் பெருமை ராஜபாளையம் முழுக்கப் பரவி, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்து வந்தேன், மறுக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஆறுதல் நம் வால்வு ஒன்றுதான். என் துக்கம் தெரிந்ததோ என்னவோ, இந்த நாலு நாளாக முன்னெப்போதையும்விட இனிமையாகப் பாடுகிறது. அந்த ஹாலந்து ஓட்டைக்கு இது ஏழு ஜென்மத்திலும் வராது.

ஆகவே உன் ரெஜிமெண்டில் நல்ல பையனாக, ரேடியோவைத் திருகக்கூடத் தெரியாதவனாக ஒருவனைப் பார்த்து உடனே எழுதவும். உன் பிள்ளைகள் படிப்பும் பலமுமாய் வளர வேண்டும், உனக்கு அடுத்த பட்டை சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு, ஆசியுடன்
அத்தான் ஐயாதுரை

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சௌந்தரபாண்டியனே வந்துவிட்டார். கோபத்தில் அவர் சுற்றிக்கொண்டு போனது நம் வால்வாம்; எழுத்தில்லாத இரண்டும் மாட்டும்போதே சோலைராஜ் கையில் மாறிப்போயிருக்கின்றன. அடியில் பட்டாளத்து முத்திரை இருப்பதைச் சோலைராஜ் இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறான். அதற்குள் இவர் தெருவில் எல்லாரையும் கூப்பிட்டு, இந்தத் தேனையா தகர டப்பா என்றான் அந்த ஐயாதுரை என்று போட்டுக் காட்டியிருக்கிறார். நான் இங்கே நாலு நாளாக உருகிக் கேட்டது எதை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே மூச்சு விடுவதில்லை என்று இருவரும் சத்தியம் செய்து, பால்கோவா தின்று, ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டோம், லீவு போடு. ஆனால் கல்யாணத்துக்கு வால்வு வேண்டாம், நடுவில் புஸ்ஸென்று போய்விடும், டிரான்சிஸ்டர் செட்தான் கட்டுவேன் என்கிறான் சோலைராஜ். செல்லக்கனியும் அதற்குத் தலையாட்டுகிறாள். சம்பந்தியும் நானும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துப்போய், அப்படிப்பட்ட கல்யாணத்துக்கு நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நாலு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "வராட்டி போங்கப்பா. தாலி எடுத்துக் கொடுக்க எங்க மாமா வாராக" என்றாள்.