சவ்வு நெகிழ்வு ஆணை

சுகாதாரத் துறை இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்தில்தான் கண் விழிப்பார். அன்று துறையின் கெட்ட நேரம், நடுவிலேயே விழித்துவிட்டார். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் சவ்வில் போய்ச் சேர்ந்து அதை நெகிழ வைக்கிறது என்று மேடையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாக்கியம் வருவதற்குள் இயக்குநர் மறுபடி உறங்கிவிட்டார்.

மறுநாள் ஆணை பிறந்தது. "ஊழியர் அனைவரும் மீன் எண்ணெய் மாத்திரை உட்கொண்டு தத்தம் சவ்வுகளை நெகிழ்வாகப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள். நெகிழ்ந்த சவ்வுடையோரை நோய் அணுகாதாகையால் காய்ச்சல் விடுப்பு இத்துடன் ரத்து செய்யப்படுகிறது."

துறையின் ஆய்வகத்தைக் கவனித்துவந்த பெண்மணி பதறிக்கொண்டு வந்தார்.

"சார், சாப்பிடுற கொழுப்பு சவ்வுல சேருறது நிஜம்தான். ஆனா அதுக்கு வாரக்கணக்காகும். அழற்சி கொஞ்சம் அடங்கலாம். காய்ச்சலே வராதுன்னு கருத்தரங்குல சொல்லியிருக்க மாட்டாங்களே?"

"நான் தூங்கினப்புறம் சொல்லியிருப்பாங்கம்மா."

மூன்றாம் நாள் கணக்கர் கண்கள் சிவக்க, போர்வையோடு வந்து நின்றார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

"காய்ச்சல் சார். வீட்டுக்குப் போகணும்."

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் சார்."

"சாப்பிட்டா காய்ச்சல் வராது. அப்ப இது காய்ச்சல் இல்ல. போய் வேலையைப் பாருங்க."

"தப்பா சொல்லிட்டேன் சார். சாப்பிடல."

"ஆணையை மீறினீங்களா? உட்கார்ந்து விளக்கம் எழுதுங்க!"

கணக்கர் உட்கார்ந்து எழுதினார், இருமினார், மின்விசிறி அந்த இருமலை எல்லா மேசைகளுக்கும் பாரபட்சமின்றிப் பகிர்ந்தளித்தது. வாரம் முடிவதற்குள் அலுவலகமே படுத்துவிட்டது. கணக்கரை நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இயக்குநரும் படுத்தார். ஆனால் அவருடையது விடுப்பு அல்ல. 'இல்லத்தில் கள ஆய்வு.'

எழுந்து வந்ததும் விசாரித்தார். துறையில் ஒரே ஒருவருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை. அவர் ஓர் எழுத்தர். சம்பள நாளைத் தவிர அலுவலகப் படி மிதிக்காத மனிதர்.

"அவர் இங்க வரவே இல்ல சார், அதான் தொத்தல!" என்றார் ஆய்வகப் பெண்மணி.

"அது நிர்வாகக் காரணம். எனக்கு மருத்துவக் காரணம் வேணும்." இயக்குநர் எழுத்தரை வரவழைத்தார். "நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "பூங்காவுல உட்கார்ந்து வறுகடலை கொறிப்பேன் சார்."

வறுகடலை தின்றால் காய்ச்சல் அண்டாது என்ற செய்தி அன்றே மாலைப் பத்திரிகையில் வந்தது. மறுநாள் ஆய்வகப் பெண்மணி நொந்துபோய் வீடு திரும்பும்போது, கடலைக் கடை முன்னால் ஊரே முண்டியடித்து நின்றது. ஒருவர் கழுத்தில் ஒருவர் தும்மினார்கள். வரிசையின் நடுவில் அவருடைய கணவர்.

"கடலையில ஒமேகா-3 கிடையவே கிடையாதுன்னு நேத்துதானே சொன்னேன்!"

"நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் கணவர், மூக்கைத் துடைத்தபடி. "அதுக்காக எல்லாரும் வாங்கும்போது நாம மட்டும் சும்மா இருக்க முடியுமா? பையைப் பிடி."