வாஷிங் மெஷினுக்குத் தைத்த உறை

காலேஜ் ஃபீஸுக்கு ஒருமுறை உதவி கிடைத்துவிட்டால் படிப்பு முடியும்வரை கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். அப்படி இல்லை. வருஷா வருஷம் புதிதாகப் பார்ப்பார்கள்.

நான் ராயப்பேட்டையில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிறவன். அதிகம் படிக்கவில்லை. அதிகம் பேசவும் மாட்டேன். (பேசிய நாளின் கதைதான் இது.)

என் மகள் திவ்யாவுக்கு மயிலாப்பூர் டிரஸ்ட் ஒன்று முதல் வருஷ ஃபீஸ் முழுவதும் கட்டியது. இரண்டாம் வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வருவார் என்று போன் வந்தது. அந்தப் பணம் வரவில்லையென்றால் அவள் படிப்பு நின்றுவிடும்.

பக்கத்துக் கடை பாஷா பாயிடம் சொன்னேன்.

“இன்னா நைனா, இதுகூட தெரியாதா? வசதி கீதான்னு பாக்க வராங்கோ. வூட்ல வாஷிங் மெஷின் கீதுல்ல? பாத்தா அவ்ளோதான், கட்.”

மெஷின் மச்சான் கொடுத்த பழசு. ஒளிக்க இடமில்லை, வீடே ஒரு அறை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். உறை தைத்தேன். கறுப்பு ரெக்சின், ஓரத்தில் சிவப்பு பைப்பிங். மாட்டி, மேலே பலகை வைத்தேன். மேஜை. (எந்த பைக்குக்கும் அவ்வளவு நன்றாகத் தைத்ததில்லை.)

“அப்பா, அவங்க மார்க்கும் அட்டென்டன்ஸும்தான் பாப்பாங்க,” என்றாள் திவ்யா.

“சும்மா இரு. ஒனக்கு ஒலகம் தெரியாது.”

அவர் வந்தபோது கரண்ட் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். என் மனைவி செல்வி காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்து மேஜைமேல் வைத்தார். கரண்ட் வந்தது.

காலையில் செல்வி துணியை மெஷினின் டிரையரில் போட்டு டைமரைத் திருகியிருக்கிறாள். பாதியில் கரண்ட் போயிருக்கிறது. அவளும் சொல்லவில்லை, நானும் திறந்து பார்க்காமல் உறையை மாட்டிவிட்டேன்.

மேஜை உறுமியது. பிறகு நடக்க ஆரம்பித்தது. காபி அவர் மடியில் விழுந்தது.

“என்னப்பா இது, மேஜை ஆடறதே!”

“கீழ மெட்ரோ தோண்டறாங்கோ சார்.”

அத்தோடு விட்டிருக்கலாம். “நேத்து எதிர் வூட்ல தரையே உள்ள பூட்ச்சி சார்” என்றும் சேர்த்தேன்.

பெரியவர் துள்ளி எழுந்தார். ஒரு கையில் வேட்டி, மறு கையில் திவ்யா. “எல்லாரும் வெளில வாங்கோ! வீடு இறங்கறது!” என்று கத்திக்கொண்டே ஓடினார். சந்தே வெளியே வந்துவிட்டது. ஒருவர் கேஸ் சிலிண்டரோடு வந்தார். எதிர் வீட்டு அம்மா தலையில் சோப்பு நுரையோடு வந்தார்.

“யோவ், என் வூட்டுத் தரை எப்பய்யா உள்ள போச்சு?”

செல்வி உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கினாள். மெட்ரோ நின்றது.

பெரியவர் வந்து உறையைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மெஷின் இருந்தா பணம் கட் ஆயிடும்னு சொன்னாங்கோ சார்.”

“எங்காத்துல வேலை செய்யறவா கிட்டயே மெஷின் இருக்குப்பா. நான் மார்க்கும் அட்டென்டன்ஸும் பாக்க வந்தேன்.”

திவ்யா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மார்க் நன்றாக இருந்தது. பணம் வந்தது, ஆனால் பாதிதான். அந்த வருஷம் கேட்டவர்கள் அதிகமாம். (வேட்டி சலவைக்குப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறாள் செல்வி.) மீதிக்கு ஞாயிற்றுக்கிழமையும் சீட் தைத்தேன். மூன்றாம் வருஷம் முக்கால்வாசி வந்தது.

இப்படிப் பணம் வருஷத்துக்கு ஒரு மாதிரி வந்தது. எனக்கு வந்த பேர் மட்டும் மாறவே இல்லை. நேற்றுகூட கூரியர்காரர் வீடு தேடி வந்தார். எதிர் வீட்டு அம்மா வழி சொன்னது என் காதில் விழுந்தது.

“மெட்ரோ வூடா? அதோ, அதான். பாத்து கால வையி.”