வலது பக்கம் போனால் விழும் விளையாட்டு

திருவண்ணாமலைக்காரர்களுக்கு கிழக்கு மேற்கு எல்லாம் அவ்வளவாகத் தெரியாது. மலை தெரியும். மலை வலது கைப் பக்கம் இருந்தால் சரியாகப் போகிறோம், இடது கைப் பக்கம் இருந்தால் தப்பாகப் போகிறோம், அவ்வளவுதான் எங்கள் பூகோளம். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்ப்பக்கமாக நடப்பதில்லை. (பர்ஸைத் தவறவிட்டவர்கூடத் திரும்பி நடக்காமல், முழுச் சுற்றும் சுற்றி வந்துதான் தேடுவார்.) இந்த நல்ல பழக்கத்தால்தான் என் அக்காவின் வாழ்க்கையில் மண் விழுந்தது. பழக்கம் பாதி, என் வாய் மீதி.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது நான் தத்துவவாதி ஆகியிருந்தேன். தாடி வேறு. அந்தத் தாடிக்குப் பொருத்தமாக ஒரு சின்ன வீடியோ கேம் செய்தேன். பெயர் ‘சுற்று’. மனிதர்கள் எல்லாரும் காலி செய்துவிட்டுப் போன ஒரு கிரகம். நடுவே ஓர் இரும்பு மலை. அதைச் சுற்றி ஒரே ஒரு ரோபோ மேடைக்கு மேடை தாவி, கதவுகளைத் திறந்துகொண்டு போகும். ஒரு சுற்று முடிந்தால், அந்தச் சுற்றில் ரோபோ செய்ததையெல்லாம் அப்படியே திரும்பச் செய்கிற ஒரு நிழல் பிறக்கும். நிழல் போய் ஒரு பொத்தானை மிதித்துக்கொண்டு நிற்கும்போது ரோபோ அடுத்த கதவைத் தாண்டிவிட வேண்டும். கடைசிக் கதவில் ஒரு கேள்வி எழுதியிருக்கும்: ‘கிளம்பியவனும் வந்து சேர்ந்தவனும் ஒருவன்தானா?’ மொத்தமும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் என்னிடம் தத்துவம் ஸ்டாக் இல்லை.

அந்தக் கேள்வி என்னுடையது. கண்ணுக்குத் தெரிகிற மற்ற எல்லாமே செல்வி அக்காவுடையது. அக்கா ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். கிரிவலப் பாதையில் நடக்க நடக்க மலையின் முகம் மாறிக்கொண்டே வரும். அக்கா பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலை வரைக்கும் போய், அங்கங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு முகத்தையும் வரைந்து அதை இரும்பாக்கினாள். வெறும் துருவுக்கே அவளிடம் எத்தனை நிறங்கள்! நான் பார்த்த வரையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

சென்னையில் ஒரு கேம் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். ‘நேரில் கொண்டுவந்து காட்டுங்கள், பிடித்தால் இரண்டு பேரையுமே எடுத்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தது. அப்பா அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“வேல கெடச்சா ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கல. கெடைக்கலன்னா பொண்ணு கேட்டு வந்த கீழ்பென்னாத்தூர்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அவங்களும் எத்தினி நாளுதான் பாத்துனு இருப்பாங்க?”

அக்கா சரி என்றாள். அன்றைக்கே ரோபோவுக்கு இன்னொரு கோட் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கேமைப் பலரிடமும் கொடுத்து ஆடச் சொன்னேன். அம்மா ஆடினார், அப்பா ஆடினார், தெருப் பையன்கள் அத்தனை பேரும் ஆடினார்கள். ஒரு குறையும் வரவில்லை. காரணம், முதல் காட்சியில் இருட்டுக்குள் மலையின் கோடு மட்டும் மங்கலாகத் தெரியும். ரோபோ மலைக்கு இந்தப் பக்கம் நிற்கும். எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தக் கோடு போதும். மலை வலது கைப் பக்கம் வர வேண்டுமென்றால் ரோபோ திரையில் இடது பக்கமாகத்தான் நடக்க வேண்டும். நாலு அடி வைத்தால் வெளிச்சம் வந்து அக்காவின் முழு மலையும் எழுந்து நிற்கும். வலது பக்க பட்டனை ஒருத்தரும் தொட்டதே இல்லை. அதனால் வலது பக்கம் நான் எதையும் கட்டவும் இல்லை. தரை இல்லை, சுவர் இல்லை, ஒன்றுமே இல்லை.

உலகத்தில் உள்ள இப்படிப்பட்ட விளையாட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே இடமிருந்து வலமாகத்தான் போகும் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். நானே எத்தனையோ ஆடியிருக்கிறேன். ஆனால் மலையை வரைந்ததும் புத்தி ஊருக்குத் திரும்பிவிட்டது.

கண்ணாடி அறைக்குள் நுழையும் முன் அக்காவிடம் சொன்னேன்: “நீ எதுவும் பேசாத. நம்ம ஊர்ப் பேச்சு இங்க எடுபடாது. நான் பாத்துக்கறேன்.” (நான் என்னவோ லண்டனில் பிறந்தவன் மாதிரி.)

முதலாளி டி-ஷர்ட் போட்ட மனிதர். உட்கார்ந்தார். வலது பக்க பட்டனை அழுத்தினார்.

ரோபோ ஓர் அடி வைத்து விழுந்தது. கறுப்புக்குள் விழுந்துகொண்டே இருந்தது. அடியில் தரை இருந்தால்தானே நிற்கும்?

அவர் புருவத்தைத் தூக்கினார். “இன்ட்ரெஸ்டிங். இதுக்கு என்ன அர்த்தம்?”

அக்கா பதறிப்போய், “சார், அந்தப் பக்கம் இல்ல...” என்று ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு அக்கா,” என்றேன். தாடியைத் தடவிக்கொண்டு, “வெறுமை, சார்,” என்றேன்.

“எப்ப முடியும்?”

“முடியாது, சார். அதான் விஷயமே.”

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் வலது பக்கம். மறுபடியும் விழுந்தது. “எந்தப் பக்கம் போனாலும் விழுமா?” என்றார். கடவுளே இறங்கி வந்து கொடுத்த வாய்ப்பு அது. நான் சொன்னேன்: “வாழ்க்கையில எந்தப் பக்கம் போனா சார் விழாம இருக்கோம்?”

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். “நீங்க இதுல என்ன பண்ணீங்க?”

“வரைஞ்சேன், சார்.”

அவர் கறுப்புத் திரையைப் பார்த்தார். “எதை?”

அக்கா என்னைப் பார்த்தாள். இடது பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அவள் மலை வந்துவிடும். ஆனால் என் வெறுமை போய்விடும். நான் ஏ.சி.யை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“கறுப்பு, சார்,” என்றாள் அக்கா.

திரும்பி வருகிற பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும் வரை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலை எனக்கு மட்டும் வந்தது. “நீ இல்லாம நான் போகலக்கா,” என்றேன். “போடா,” என்றாள். இரண்டாம் முறை சொல்லவைக்காமல் போய்விட்டேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. குழந்தைகள் விளையாட்டு ஒன்றில் தக்காளி ஒழுங்காக வெடிக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே இந்தத் தத்துவவாதிக்குக் கிடைத்த உத்தியோகம்.

அக்கா கீழ்பென்னாத்தூருக்கு மருமகளாகப் போனாள். அவள் வீட்டுக்காரர் கடலை எண்ணெய் மில் வைத்திருக்கிறார், தங்கமான மனிதர். எண்ணெய் டின்னில் இருக்கும் வேர்க்கடலைப் படம் அக்கா வரைந்தது. அதற்குப் பிறகு அவள் வரைந்து நான் பார்க்கவில்லை. நல்ல படம்தான், அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் வீட்டில் இப்போதும் பால் பொங்கி வழிந்தால் அம்மா, “வெறுமை, சார்,” என்பார். கரண்ட் போனால் அப்பா இருட்டுக்குள்ளிருந்து, “யாருடா வரைஞ்சது?” என்பார். பொங்கலுக்கு எல்லாரும் கூடினால் அக்காவே முழுக் கதையையும் நடித்துக் காட்டுவாள். நான் தாடியைத் தடவியதை அவள் செய்யும்போது அவள் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

இந்தப் பொங்கலுக்கு அவள் மகள் நடுவில் கேட்டாள்: “ஏம்மா, இந்தப் பக்கம் போங்கனு அவர்கிட்ட நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“எனக்கு அந்நேரம் பயத்துல வாயே தெறக்கலடி,” என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். வாயைத் திறந்தாள், நான்தான் மூடச் சொன்னேன். அதை மட்டும் அவள் ஒரு பொங்கலுக்கும் சொன்னதில்லை. சொல்லித் திட்டிவிடக் கூடாதா என்று ஒவ்வொரு வருடமும் எதிரே உட்கார்ந்து காத்திருக்கிறேன்.