ஃபிலினா அத்தையின் கல்லில் ஒரு வருடம் குறைகிறது

மதிப்பிற்குரிய வெர்னா அக்காவுக்குத் தம்பி எல்வுட் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அத்தானும் உன் ரோஜாச் செடிகளும் நலம் என்று நம்புகிறேன். இரு தரப்புக்கும் வேளாவேளைக்கு மருந்து கொடு.

நீ இட்ட வேலையை மறக்கவில்லை. ஹைரம் மாமாவின் கல்லறைக் கல்லில் அவர் பேருக்குக் கீழே ஃபிலினா அத்தையின் பேரும் 1861 என்ற பிறந்த வருடமும் ஒரு கோடும் வெட்டி, மீதியை வெறுங்கல்லாக விட்டிருக்கிறார்கள். புருஷன் போகும்போதே பெண்டாட்டி பேரையும் சேர்த்து வெட்டிவிட்டால் கூலி மிச்சம் என்பது நம் ஓஹையோ புத்தி, ஆனால் அத்தை திரும்பி வந்து படுக்கவில்லை. துக்கத்தில் உருகி மேற்கே எங்கோ சீக்கிரமே போய்விட்டாள் என்றுதான் அப்பா சொன்னார். நினைவு நாளுக்குச் சொந்தபந்தம் பூவோடு வருமுன் கல்தச்சன் அந்த வருடத்தை வெட்டியாக வேண்டும், அதை நான் அவள் படித்த கல்லூரியில் கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். போனேன்.

காப்பகம் நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. பொறுப்பாளர் டிபட்ஸ் அம்மாள் என் மேல்கோட்டைக் கழற்றச் சொல்லி, பேனாவை வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார். “அந்த டோனட்டையும் வெளியில வச்சிட்டு வாங்க. இங்க எலிக்கே பட்டினிதான்” என்றார். பிறகு அத்தையின் பெட்டி வந்தது. 1883-இல் பட்டம் வாங்கிய பெண்கள் ஆளுக்கு நாலு வரி என்று வருடாவருடம் வகுப்புச் செயலாளருக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள், அத்தை ஒரு வருடம்கூடத் தவறவில்லை. மாமா போன மறுவருடம், “ஹைரம் போயிட்டார். கறுப்பு உடுப்பு புழுங்குது. சைக்கிள் வாங்கியிருக்கேன்.” அப்புறம் மொன்டானாவில் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம்: “பிள்ளைங்களும் ஒரு அடுப்பும் இருக்கு. அடுப்பு மட்டும் சொன்ன பேச்சு கேக்குது.” அப்புறம் தேனீ வளர்ப்பு. ஐம்பது வயதில், “நீந்தக் கத்துக்கிட்டேன். ஆத்துல மல்லாந்து மிதந்தா வானம் மட்டும்தான் இருக்கு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல.” அக்கா, அதைப் படித்த பிறகு நானும் கொஞ்சம் மிதந்தேன். ஆறு வெதுவெதுப்பாக இருந்தது, தேனீக்கள் மெல்ல இரைந்தன, அத்தை கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். “மிஸ்டர் ஸ்ட்ரௌட், உங்க குறட்டையில காகிதம் பறக்குது” என்று டிபட்ஸ் அம்மாள் கரையேற்றினார்.

அதிலிருந்து நாளுக்கு ஒரு வருடம்தான் படிக்கிறேன். “கடைசிக் காகிதத்தை எடுத்துப் பாத்தா வேலை முடிஞ்சிடுமே” என்றார் அவர். “அவசரம் கல்தச்சனுக்கு, எனக்கில்லம்மா” என்றேன். மறுநாள் என் நாற்காலி, உயரத்து ஜன்னல் வழியே வெயில் விழும் இடத்தில் கிடந்தது.

என் லொரீனாவின் கல்லை நீ பார்த்திருக்கிறாய். அவள் பேருக்குக் கீழே என் பேர், 1903, ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கக் குனியும்போதெல்லாம் அந்தக் கோடு ‘எப்போ?’ என்று கேட்கும். அவள் போனபின் எனக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்றே இருந்துவிட்டேன். அத்தையின் கோட்டுக்கு அப்பால் சைக்கிளும் தேனீயும் ஓர் ஆறும் இருந்திருக்கின்றன.

ஆகவே வருடம் இன்னும் கிடைக்கவில்லை, கல்தச்சனைத் திருப்பி அனுப்பிவிடு. வருகிறவர்கள் வெறுங்கல்லுக்கே பூ வைக்கட்டும். அத்தானுக்கு என் அன்பு. உன் கோபம் இரவுச் சாப்பாட்டுக்குள் தணியவும், உங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்கவும் கடவுள் அருளட்டும்.

இப்படிக்கு,
எல்வுட்

பி.கு.: வருடம் முதல் நாளே தெரியும். பெட்டியின் மூடியிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. விதியை மீறி என் மேல்கோட்டை உள்ளே அனுமதித்து, அதை அந்த மூடிமேல் போட்டு மூடிவைத்தவர் டிபட்ஸ் அம்மாள்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து கல்லூரிக் குளத்தில் நீச்சல் பழகப் போகிறேன். முழங்காலிடம் இன்னும் சொல்லவில்லை.