மிதிவெடி அக்காவின் ஐந்து குழிகள்

உலகத்திலேயே மிக மெதுவாகக் கோல்ப் பழக்கிய மனிதர் ஒட்டுசுட்டானில்தான் இருந்தார். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். நெல்வயலும் யானைத் தொல்லையும் உள்ள ஊரில் கோல்ப்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊரில் அவருக்கு மிதிவெடி அக்கா என்று பெயர். மிதிவெடி அகற்றுகிற வேலை பார்த்தார். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் 'மிதிவெடி அக்கா, ஒட்டுசுட்டான்' என்று எழுதினாலே கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். தபால் கந்தோரில் இருந்த நானே சொல்கிறேன், நம்புங்கள். வவுனியாவில் இருந்து மாற்றலாகி வந்து அவருடைய எதிர்வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன்.

விடிய முதலே வாகனம் வந்து அவரை ஏற்றிப்போகும். முகத்தை மூடிக் கண்ணாடிக் கவசம் போட்டு, முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் நாலைந்து பாய் விரிக்கிற அளவு நிலம் முடியும். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு வெங்காயம் உரிக்கக் கால் மணித்தியாலம் எடுப்பார். பிள்ளைகளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தால், மிச்சத்தைப் பூனைகூட மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அவருடைய வேலையிடத்தில் மேற்பார்வைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் கதிரைக்கும் மின்விசிறிக்கும் அடிபட, அக்கா மூன்று கோல்ப் பொல்லையும் ஒரு வாளிப் பந்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த அவருடைய கணவர் அதிகம் பேசாத மனிதர். ஒன்றும் கேட்காமல் இரண்டு பொல்லைப் பிள்ளைகளின் உயரத்துக்கு அறுத்து, பிடிக்குப் பழைய ரியூப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். மகள் யாழினிக்கு ஏழு வயது. மகன் கபிலனுக்கு ஐந்து.

"இது எதுக்கு அக்கா எங்கட பிள்ளையளுக்கு?" என்று கேட்டேன்.

"அடிச்ச பந்துக்குப் பின்னால நடந்து போறதுதானாம் விளையாட்டு, தம்பி. பந்து புல்லுக்குள்ள போனா நாங்களும் புல்லுக்குள்ள போகத்தான் வேணுமாம்."

"அதில என்ன இருக்கு?"

"உங்களுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் முத்திரை குத்துங்கோ."

எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். குறைய அடிக்கிறவர்தான் வெல்லுவாராம். கந்தோரில் குறைய வேலை செய்து பெயர் எடுத்த எனக்கு, அப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய காணிதான் மைதானம். அலவாங்கால் ஐந்து குழி தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பால்மாத் தகரப் பேணியை இறக்கினார். தோண்டியதுதான் தாமதம், போர்க்காலத்தில் புதைத்த நகையை மிதிவெடி அக்கா கண்டுபிடித்துவிட்டா என்று ஊரெல்லாம் கதை பரவிவிட்டது. ஆடு தேடி, கோழி தேடி, காணாமல்போன செருப்புத் தேடி என்று ஆட்கள் காணிக்குள் வரத் தொடங்கினார்கள். ஒரு பெரிய மனிதர் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி, மண்ணோடு ஒரு வெறும் பேணியை வெளியே எடுத்தார். அக்கா குசினி வாசலில் நின்றபடி சொன்னார்: "வைச்சிட்டுப் போங்கோ அண்ணை. அது மூண்டாங்குழி."

நாலாங்குழியை ஒரு யானை மிதித்துவிட்டுப் போனது. பேணி சப்பளிந்து, குழி பெரிய சட்டி அளவுக்கு அகன்றுவிட்டது. நான் கவலைப்பட்டேன். அக்கா அதை அப்படியே விட்டுவிட்டார். "பிள்ளையளுக்குச் சுகமா விழும்" என்றார். அன்று முதல் அது யானைக்குழி.

அவர் பழக்கிய முறையைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் குழிக்கு ஒரு சாண் தள்ளிப் பந்தை வைத்துத் தட்டச் சொன்னார், அவ்வளவுதான். விழுந்தால் கைதட்டல், விழாவிட்டாலும் கைதட்டல். பிள்ளைகள் "இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா" என்று கேட்கும்போது நிற்பாட்டிவிடுவார். முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிஸ்கட். ஒரு நாள் கபிலன் பொல்லை உலக்கை பிடிப்பதுபோல் பிடித்திருக்க, எல்லாம் தெரிந்தவன்போல் நான் போய்க் கையைத் திருத்தினேன்.

"தம்பி, பிடியைத் திருத்தாதேங்கோ. பிள்ளை சிரிச்சா அதுவே போதும்."

"பிழையாப் பிடிச்சா பந்து போகாதே அக்கா."

"பிழையாப் பிடிச்சா கை போற வேலையில நான் இருக்கிறன். இது விளையாட்டு. விடுங்கோ."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

கபிலன் காணி முழுக்கப் பந்தைத் துரத்தித் திரிந்தான். யாழினி மட்டும் படலையில் இருந்து வீட்டுக்குப் போகும் சீமெந்துப் பாதையை விட்டு இறங்கவே மாட்டாள். குழியடிக்கு வராமல் பாதையில் நின்றே தட்டுவாள். பந்து புல்லுக்குள் போனால் தம்பி போய் எடுத்து வருவான், அதற்குக் கூலி அவளுடைய பிஸ்கட். சோம்பேறிப் பிள்ளை என்று நினைத்தேன். என் சாதி என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

நான் நினைத்தது எவ்வளவு பிழை என்று ஒரு காலையில் தெரிந்தது. கந்தோருக்கு நேரமாகிவிட்டால் அக்காவின் காணிக்குள்ளால் குறுக்கே போவேன். அன்றும் விறுவிறு என்று நடந்து நடுக்காணிக்கு வந்து தலையை நிமிர்த்தினால், என்னைச் சுற்றி ஐந்து சிவப்புக் கொடி. வன்னியில் சிவப்பு நட்டிருந்தால் அங்கே மிதிவெடி என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா குழிகளில் நட்டது வெள்ளைக் கொடிதான். மிதிவெடி எடுத்துத் துப்புரவாக்கின காணி என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. தூக்கின வலது காலை இறக்காமல் கொக்குப்போல் நின்றேன்.

சீமெந்துப் பாதையில் பள்ளிக்கூட உடுப்போடு யாழினி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, அசையாதேங்கோ. சத்தமும் போடாதேங்கோ. அம்மா வரட்டும்."

"அம்மா வர மத்தியானம் தாண்டுமே பிள்ளை."

"அதுவரைக்கும் நில்லுங்கோ. அம்மா அப்பிடித்தான் சொல்லித் தந்தவா."

நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, எனக்கு அது ஒரு ஆயுள். கடைசியில் கபிலன் பொல்லைத் தோளில் வைத்துக்கொண்டு, புல்லை மிதித்து நேராக என்னிடம் வந்தான்.

"மாமா, ஏன் என்ர குழிக்குப் பக்கத்தில ஒற்றைக் காலில நிக்கிறியள்?"

சிவப்புத்தான் பார்க்க வடிவு என்று, தாயின் பழைய சட்டையைக் கிழித்துக் கொடியை மாற்றிக் கட்டியவன் அவன்தான். நான் காலை இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் யாழினி பாதையிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பின்னேரம் இந்தக் கதையைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். யாழினி அழுததைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான்தான் வெருட்டிப்போட்டன், தம்பி. பிறந்ததில இருந்து புல்லுக்குள்ள போகாத, தெரியாததைத் தொடாத எண்டு சொல்லிச் சொல்லி வளர்த்தனான். சின்னவன் இந்தக் காதால வாங்கி அந்தக் காதால விட்டிட்டான். இவள் எல்லாத்தையும் பிடிச்சு வைச்சிருக்கிறாள். பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில மைதானத்துப் புல்லில கால் வைக்கமாட்டன் எண்டு நிண்டவள்." காணிப் பக்கம் கையைக் காட்டினார். "இந்தக் காணியைத் துப்புரவாக்கினதும் நான்தான். ஒவ்வொரு சாணும் முழங்காலில இருந்து பார்த்தனான். ஊரில எல்லாரும் நடக்கினம். என்ர பிள்ளை நடக்குதில்லை."

கோல்ப் எதற்கு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. கேலி பண்ணினதற்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கொடிக் கயிறு இரண்டைக் கொண்டுவந்து, சீமெந்துப் பாதையில் இருந்து முதலாங்குழி வரை, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு இரண்டு பக்கமும் கட்டினார். வேலையிடத்தில் பார்த்து முடித்த நிலத்தை இப்படித்தான் பிரித்துக் காட்டுவார்களாம். "இதுக்குள்ள முழுக்க அம்மா பார்த்திட்டன்" என்று மகளுக்குச் சொன்னார். யாழினி கயிற்றுக்குள் இறங்கினாள். பந்து கயிற்றைத் தாண்டாதபடி மெல்ல மெல்லத் தட்டினாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அக்கா கயிற்றை ஒரு சாண் வெளியே தள்ளிக் கட்டினார். ஒரே ஒரு சாண். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இந்த வேகத்தில போனா யானைக்குழிக்குப் போக முதல் இவளுக்குக் கலியாணம் முடிஞ்சிடும்."

"முடியட்டும். மாப்பிள்ளையும் சேர்ந்து அடிக்கட்டும்."

மழை பெய்து புல் முழங்கால் அளவு வளர்ந்து, பிறகு வெயிலில் காய்ந்து படுத்தது. கயிறு காணியின் பாதிக்கு வந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் யாழினியின் பொல்லு முதன்முதலாகப் பந்தில் சரியாகப் பட்டது. டொக் என்று ஒரு சத்தம். பந்து கயிற்றுக்கு மேலால் பறந்து யானைக்குழிப் பக்கம் விழுந்தது.

கபிலன் வழக்கம்போல் கையை நீட்டினான்.

"பிஸ்கட் முடிஞ்சுது" என்றார் அக்கா.

"அப்ப நான் போகமாட்டன்" என்று அவன் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கென்று பிஸ்கட் முடிந்தது தற்செயலா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

யாழினி கயிற்றடியில் போய் நின்றாள். அப்போது அக்கா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ மிதிவெடியைக் கை நடுங்காமல் எடுத்த மனிசி, காணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பார்க்க ஏலாது தம்பி. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ. எங்க நிக்கிறாள்?"

"கயிற்றடியில."

"இப்ப?"

"கயிற்றைத் தூக்கிறாள் அக்கா."

அக்கா என் கையை இறுக்கினார்.

"குனியிறாள். ஒரு கால் அங்கால வைச்சிட்டாள். மற்றக் காலும் வைச்சிட்டாள்."

"செருப்புப் போட்டிருக்கிறாளோ?"

"இல்லை. வெறுங்கால்."

அக்கா அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். காணிக்குள் டொக், டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பந்து குழியைச் சுற்றிச் சுற்றிப் போனது, யாழினியும் சுற்றிச் சுற்றிப் போனாள். கடைசியில் யானைக்குழிக்குள் இருந்து பந்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, பதினொரு அடி அடிச்சனான். அது கூடிப்போச்சுதானே?"

அக்கா அப்போதுதான் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதாது பிள்ளை. இன்னும் அடி."

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். தொலைக்காட்சியில் எப்போதாவது கோல்ப் காட்டினால், குறைய அடித்து வென்றவர்களுக்குக் கிண்ணம் கொடுப்பதைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய வெற்றி பதினொரு அடி. அதைப் பார்த்துச் சொல்ல அக்கா என் கையைப் பிடித்தாரே, அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு யாரும் தந்ததில்லை.